“ஒன்றுமில்லை என்றால் ஏன் எரிகிறது?” – டாக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஒரு கட்டு முழுக்க நாக்கைப் பற்றியே இருந்தது. எரிச்சல், புண், தடிப்பு, வழுவழுப்பு என்று ஆளுக்கொரு விதம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் நாக்குக்கே கொடுத்துவிடுகிறேன். ஈறு, கடைவாய்ப் பல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 51. நான்கு மாதமாக நாக்கு நுனியும் இரண்டு ஓரங்களும் எரிகின்றன. காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. பதினோரு மணிவாக்கில் லேசாக ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் வெந்நீரை வாயில் கொட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சாப்பிடும்போது எரிச்சல் குறைகிறது. படுத்தால் தூக்கமும் வந்துவிடுகிறது. கண்ணாடியில் பார்த்தால் புண் எதுவும் இல்லை. எங்கள் வழக்கமான டாக்டர் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் சாப்பிட்டேன், கேட்கவில்லை. பல் டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லைம்மா” என்றார். ஒன்றுமில்லை என்றால் ஏன் எரிகிறது? என்னுடன் வேலை பார்த்த ஒருவர் நாக்குப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நினைப்பு வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது செல்போன் வெளிச்சத்தில் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன். பிரஷருக்கு ஒன்றரை வருடமாக எனலாப்ரில் சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வந்திருப்பது அதுதானா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முதலில் அந்தச் செல்போனைக் கீழே வையுங்கள் அம்மா. ஏன் சொல்கிறேன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் எனக்கே நாக்கின் இடது ஓரத்தில் ஒரு வலி. அப்போது நான் பல் மருத்துவம் பார்க்க வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. அத்தனை பேருக்கு வாயைத் திற, நாக்கை நீட்டு என்று சொன்னவளுக்குச் சொந்த நாக்கு என்று வந்ததும் படித்ததெல்லாம் தலைகீழாக நின்றது. இடது ஓரம் என்றதுமே புற்றுநோய் வரும் இடம் அதுதானே என்று மனசு ஓடியது. ராத்திரி பத்து மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு கையில் டார்ச், மறு கையில் கைக்குட்டை. கைக்குட்டையால் நாக்கைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பேன். அரிசிமணி அளவில் ஒரு சிவப்பு. அது நேற்றைவிடப் பெரிதா, சிறிதா? நாலைந்து நாளில் நாக்குக்கு அடியில், அந்த நரம்புபோல் ஒரு ஜவ்வு இருக்கிறதே, அங்கேயும் ஒரு புண் வந்துவிட்டது. பரவிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வெட்கத்தை விட்டு, என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணிடம் காட்டினேன். அவள் நாக்கைப் பார்ப்பதற்கு முன் கையுறை மாட்டிய விரலைக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் ஓட்டினாள். “மேடம், இங்கே அடைப்பு உடைஞ்சிருக்கு, விரலைக் கிழிக்குது” என்றாள். ஒரு நிமிட வேலை. உடைந்த முனையைத் தேய்த்து மழுங்க வைத்தாள். ஓரத்துப் புண் பத்து நாளில் ஆறிவிட்டது. அடியில் இருந்த இன்னொரு புண்? அது நானே உண்டாக்கியது. நாக்கை வெளியே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஜவ்வு கீழ் முன்பற்களின் கூரில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்ப்பதை நிறுத்தியதும் அதுவும் போய்விட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதில் நாலு விவரங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. நுனியிலும் இரண்டு ஓரங்களிலும் ஒரே மாதிரி எரிகிறது. காலையில் இல்லாமல் பொழுது ஏற ஏறக் கூடுகிறது. சாப்பிடும்போது குறைகிறது. பார்த்தால் நாக்கு சாதாரணமாக இருக்கிறது. புண்ணோ கட்டியோ இருந்தால் கதை இப்படி இருக்காது. புண் உள்ள நாக்கில் சாப்பாடு பட்டால்தான் உயிர் போகும். உங்களுக்கு அப்போதுதான் நிம்மதி. புற்றுநோய் ஒரு பக்கத்தில், ஓர் இடத்தில் உட்காரும். காலையில் லீவு எடுத்துக்கொண்டு மதியம் வேலைக்கு வராது.

இந்த நாலும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது ‘எரிவாய் நோய்’ என்ற ஒன்றை. பெயர் கேட்க ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் விஷயம் அதுதான். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எரிச்சல் நீடிக்க வேண்டும். வாய்க்குள் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியக் கூடாது. அப்போதுதான் இந்தப் பெயரை வைப்போம். அதிகம் பாதிக்கப்படுவது மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதற்குப் பிறகும் உள்ள பெண்கள். நாக்கின் மேல்தோலுக்குள் மயிரிழையைவிட மெல்லிய நரம்பு முனைகள் வந்து முடிகின்றன. இந்த நோய் உள்ளவர்கள் சிலரின் நாக்கிலிருந்து துளி சதையை எடுத்துச் சோதித்தபோது அந்த முனைகள் குறைந்திருப்பது தெரிந்தது. ஆகவே எரிச்சல் உங்கள் கற்பனை இல்லை. “ஒன்றுமில்லை” என்று சொன்னவர் பார்த்தது தோலை. கோளாறு இருப்பது அதற்குள் ஓடும் கம்பியில். அவர் “கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை” என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இத்தனை ராத்திரிகள் வீணாகியிருக்காது.

ஆனாலும் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு இந்தப் பெயரை உங்கள் தலையில் ஒட்ட மாட்டேன். இது மற்ற எல்லாவற்றையும் தட்டிக் கழித்த பிறகு கடைசியில் வைக்க வேண்டிய பெயர். அதற்கு முன் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன.

முதல் வேலை, ரத்தம் கொடுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், சர்க்கரை, தைராய்டு இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கின் தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படி வேகமாக வளரும் இடத்தில்தான் சரக்குத் தட்டுப்பாடு முதலில் தெரியும். ரத்தசோகை என்று சொல்லும் அளவுக்கு ஹீமோகுளோபின் இறங்கும் முன்பே சிலருக்கு நாக்கு எரிய ஆரம்பித்துவிடும். நீங்கள் ஒரு மாதம் பி-காம்ப்ளக்ஸ் சாப்பிட்டிருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சோதனையில் வரும் எண்ணை அது மாற்றிக் காட்டும்.

அடுத்தது உங்கள் பிரஷர் மாத்திரை. எனலாப்ரில் சேர்ந்த வகை மருந்துகள் சிலருக்கு நாக்கில் எரிச்சலைக் கொடுக்கின்றன. ருசியையும் மாற்றும். ஒன்றரை வருடம் சாப்பிட்டு இப்போதுதான் எரிகிறது என்பதால் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, விட்டுவிடவும் முடியாது. எழுதிக் கொடுத்தவரிடம் போய், “இதை வேறு வகைக்கு மாற்றிப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நாக்கு எரிகிறதே என்று பிரஷர் மாத்திரையை விட்டவர் பக்கவாதத்தில் வந்து படுப்பதைவிட, எரியும் நாக்கோடு இருப்பது எவ்வளவோ தேவலாம்.

வாய் காய்கிறதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை இவை எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லாத நாக்கு எண்ணெய் போடாத கீல் மாதிரி, எதில் பட்டாலும் உரசும். கண்ணும் சேர்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் அதையும் சொல்லுங்கள். எச்சிலும் கண்ணீரும் சேர்ந்து வற்றும் நோய் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

அப்புறம், பற்பசை. கடைசியாக எப்போது பிராண்டு மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இலவங்கப்பட்டை வாசனைச் சரக்கும் அப்படியே. இரண்டும் இல்லாத, வாசனை குறைந்த பற்பசைக்கு மூன்று வாரம் மாறிப் பாருங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று, இதைச் செய்ய எந்த டாக்டரும் வேண்டாம். இப்போது, இந்த வரியைப் படிக்கும் நொடியில், உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது? முன்பற்களின் பின்புறத்தை அழுத்திக்கொண்டிருக்கிறதா? ஓரங்களில் பல் பதிந்த வரிவரியான அச்சு தெரிகிறதா? கவலையில் இருப்பவர்கள் பல்லைக் கடிப்பதுபோலவே நாக்கையும் பல்லில் வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கே தெரியாமல். நாள் முழுக்க இதைச் செய்தால் சாயங்காலம் எரியாமல் என்ன செய்யும்?

எல்லாம் பார்த்து எதுவும் அகப்படவில்லை, எரிவாய் நோய்தான் என்றால் வைத்தியம் உண்டு. ஆனால் ஒரே வாரத்தில் கேட்கும் வைத்தியம் இல்லை. நரம்பின் துடிப்பை அமர்த்தும் குளோனாசிபாம் மாத்திரையை விழுங்காமல் சில நிமிடம் வாயில் கரைய விட்டுத் துப்பச் சொல்வது ஒரு முறை. அது பழக்கமாகிவிடக்கூடிய மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் கிட்டே போக வேண்டாம். வலியோடு மனம் போடும் சண்டையைத் தணிக்கும் உளவியல் பயிற்சியும் சிலருக்கு நன்றாக உதவுகிறது. “அப்போ என்னைப் பைத்தியம் என்கிறீர்களா?” என்று சில பேர் கோபித்துக்கொள்வார்கள். முதுகுவலிக்கும் அதே பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதுவரை ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம், சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மெல்லலாம். சாப்பிடும்போது உங்களுக்குக் குறைகிறது என்றீர்களே, அந்தக் குறிப்பை உங்கள் நாக்கே கொடுத்திருக்கிறது.

நேரில் போகும்போது வாய் நோய்களுக்கென்றே படித்த பல் மருத்துவரைக் கேட்டுப் போங்கள். அவர் உங்கள் நாக்கின் இரண்டு பக்கத்தையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கழுத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தால் அதைப் பரிசோதனை என்று கணக்கில் வைக்காதீர்கள்.

கேள்வி: வயது 64. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்கும் தினம் ஒரு மாத்திரை, அது ஐந்தாறு வருடமாக. இறைச்சி, மீன் தொடுவதில்லை. பால்கூட ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இப்போது நாக்கு ரத்தச் சிவப்பாக, துடைத்துவிட்ட பளிங்குபோல் வழுவழுவென்று இருக்கிறது. காரம், புளிப்பு எதுவும் தாங்கவில்லை. கால் பாதம் மதமதப்பாக இருக்கிறது. அது சுகர்தான் என்கிறார்கள். கடையில் கேட்டு ஃபோலிக் ஆசிட் வாங்கிச் சாப்பிடுகிறேன். சரிதானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஃபோலிக் ஆசிட்டைத் தனியாகச் சாப்பிடுவதை நிறுத்தி, இந்த வாரமே பி12 அளவைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் பி12 குறைவதற்கான காரணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பி12 கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்து. நீங்கள் பாலையும் விட்டுவிட்டீர்கள். மெட்ஃபார்மின் நாள்பட்டுச் சாப்பிட்டால் குடல் அதை உறிஞ்சுவது குறையும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, உணவிலிருந்து அது பிரிந்து வருவதையே தடுக்கும். கல்லீரலில் வருடக்கணக்குக்குச் சேமிப்பு இருப்பதால் இந்தக் குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். அதனால்தான் பன்னிரண்டு வருடம் சும்மா இருந்த நாக்கு இப்போது பேசுகிறது. நல்ல நாக்கின் மேற்பரப்பு வெல்வெட் துணிபோல் இருக்கும். அந்த மெல்லிய முளைகள் உதிர்ந்துபோனால் நீங்கள் சொல்லும் பளிங்கு வரும்.

ஃபோலிக் ஆசிட்டைத் தனியாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்றால், ரத்தம் தேறிவிடும். டெஸ்ட் எடுத்தால் நன்றாக இருப்பதுபோல் தெரியும். நாக்குகூடக் கொஞ்சம் தேறலாம். ஆனால் பி12 இல்லாமல் நரம்பு சேதமாவது உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். பாத மதமதப்பைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள். சர்க்கரையாகவும் இருக்கலாம், பி12 குறைவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சர்க்கரையால் வந்ததை முழுக்க மாற்றுவது கஷ்டம். பி12-ஆல் வந்ததைச் சீக்கிரம் பிடித்தால் திருப்பலாம், தாமதித்தால் அதுவும் அப்படியே நிலைத்துவிடும். நாள் போனால் நஷ்டம் உங்கள் காலுக்கு.

குறைவு என்று தெரிந்தால் ஊசியா, அதிக அளவு மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். காலில் மதமதப்பு இருக்கும்போது பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குவார்கள். நாக்கு எரிச்சல் சில வாரங்களில் அடங்கும். முளைகள் திரும்ப வருவதைக் கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம் (உங்களுக்கு மட்டும் கண்ணாடி அனுமதி, வாரம் ஒரு தடவை). மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12 கொடுத்தால் அதையும் தொடரலாம்.

ஆசிரியராக இருந்தவர் என்பதால் ஒரு கொசுறு. பி12-ஐ உறிஞ்ச முடியாமல் வரும் ஒரு வகை ரத்தசோகை 1920-கள் வரைக்கும் மரண தண்டனைதான். அந்த நோயாளிகளுக்கும் இதே சிவந்த, வழுவழுப்பான நாக்குதான். கல்லீரலைத் தினமும் தட்டு நிறையச் சாப்பிட வைத்தால் பிழைக்கிறார்கள் என்று மைனட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1926-இல் காட்டினார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய விப்பிளையும் சேர்த்து மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு. கல்லீரலுக்குள் இருந்த அந்தச் சரக்கு பி12 என்று தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்தான். அன்றைக்குத் தட்டு தட்டாகத் தின்ன வேண்டியிருந்தது, இன்றைக்குச் சின்னக் குப்பிக்குள் வந்துவிட்டது.

கேள்வி: மேடம், எனக்கு 24 வயது. எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. தொண்டை கரகரப்பாக இருக்கிறதே என்று நாக்கை நன்றாக நீட்டிப் பார்த்தபோது, பின்பக்கம் ஓரத்தில் சிவப்பாக மடிப்பு மடிப்பாக ஏதோ தெரிந்தது. நடு நாக்கிலும் ரொம்பப் பின்னால் பெரிய பெரிய உருண்டைகள். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.
– தூக்கம் இல்லாத வாசகர்

பதில்: தம்பி, சாப்பிடு. அது பிறந்ததிலிருந்து உன் வாயில் இருக்கிறது. நீ இப்போதுதான் பார்க்கிறாய்.

பின்னால் தெரியும் உருண்டைகள் சுவை மொட்டுகள் குடியிருக்கும் மேடுகள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும், கூரை முகடு மாதிரி வரிசையாக நிற்கும். ஓரத்து மடிப்புகளும் சுவைக்கானவைதான். அவற்றுக்குப் பக்கத்தில் டான்சில் வகைச் சதையும் இருக்கிறது. சளி பிடித்தால், தொண்டை கரகரத்தால், அது வீங்கிச் சிவக்கும். உனக்குத் தொண்டை சரியில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஒரு தடவை, ஒரே தடவை, மறுபக்க ஓரத்தைப் பார். அங்கேயும் அதே மடிப்பு இருக்கிறதா? உன் படத்தில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. உடம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பது பெரும்பாலும் அதன் சொந்தச் சாமான். ஒரு பக்கம் மட்டும் இருந்து, கல்போல் கெட்டியாக, தொட்டால் ரத்தம் கசிந்து, மூன்று வாரத்துக்கு மேலும் நின்றால் நேரில் காட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் நிற்கிறவர்கள் எனக்குப் படம் அனுப்பும் பழக்கம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் நிறம் மாறும், கெட்டியா மிருதுவா என்பது தெரியவே தெரியாது. நாக்கைப் பொறுத்தவரை பாதிச் செய்தி விரலில்தான் இருக்கிறது.

கேள்வி: என் ஆறு வயது மகளின் நாக்கில் சிவப்புத் திட்டுகள், சுற்றிலும் வெள்ளைக் கரை. ஒரு வாரத்தில் மறைந்து வேறு இடத்தில் வருகின்றன. பூஞ்சை என்று சொட்டு மருந்து விட்டும் நிற்கவில்லை.
– ஒரு தாய்

பதில்: நீங்கள் சொல்வதைக் கேட்டால் ‘வரைபட நாக்கு’ மாதிரி இருக்கிறது. தீவுகள் உள்ள வரைபடம்போல் தெரிவதால் அந்தப் பெயர். இடம் மாறுவதுதான் அதன் அடையாளம். நூற்றில் ஓரிருவருக்கு இருக்கும். தொற்றாது, புற்றுநோயாக மாறாது. வலிக்கவில்லை என்றால் வைத்தியமும் வேண்டாம். சொட்டு மருந்தை நிறுத்தலாமா என்று கொடுத்தவரிடம் காட்டிக் கேளுங்கள். காரமும் புளிப்பும் எரிந்தால் அந்த வாரம் மட்டும் தள்ளி வையுங்கள். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தால், “என் நாக்கில் மேப் இருக்கு” என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் உபயோகிக்கிறேன். நாக்கில் தயிர்போல் வெள்ளை, துடைத்தால் வருகிறது, அடியில் சிவந்து எரிகிறது.
– வயது 38

பதில்: துடைத்தால் வருகிறது என்பதால் பூஞ்சையாக இருக்கலாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், தொண்டை வரை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பூஞ்சைக்கு மருந்து வாங்கி முடித்துவிட்டு, டாக்டரிடம் இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயைப் பற்றிக் கேளுங்கள். கூடவே சர்க்கரை பார்த்துவிடுங்கள். துடைத்தும் வராத வெள்ளை என்றால் அது வேறு சமாச்சாரம். அதற்குப் பூஞ்சை மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் நேரில் வர வேண்டும்.

கேள்வி: அம்மா, இது எனக்காக இல்லை. என் கணவருக்கு வயது 46. புகையிலையும் பாக்கும் இருபது வருடப் பழக்கம். நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண், நடுவில் வெள்ளையும் சிவப்புமாக இருக்கிறது. இரண்டு மாதம் ஆகிறது. வலியே இல்லை என்கிறார், அதனால் டாக்டரிடம் வர மறுக்கிறார். “வலிச்சா போகலாம்” என்கிறார். கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார். சில நாள் வலது காது குத்துகிறது என்கிறார், காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறார்.
– கணவருக்குத் தெரியாமல் எழுதும் வாசகி

பதில்: அம்மா, இதழ் உங்கள் கைக்கு வர நாள் ஆகும் என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

இந்தக் கட்டில் இருந்த கடிதங்களிலேயே குறைவாக வலித்தது உங்கள் கணவருக்குத்தான். எனக்குக் கவலை கொடுத்ததும் அவருடையதுதான். சாதாரண வாய்ப்புண் முதல் நாலைந்து நாள் ஆளைக் கொல்லும், இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆபத்தான புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும் வரை காத்திருப்பது என்றால் அது வேர்விட்டு நரம்பைத் தொடும் வரை காத்திருப்பது. காதில் கோளாறே இல்லாமல் காது குத்தலாம். நாக்குக்கும் காதுக்கும் நரம்பு வழியில் தொடர்பு இருக்கிறது. சொட்டு மருந்து தவறான கதவைத் தட்டுகிறது. களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் மேற்பரப்புச் சிவப்பு குறைந்து, ஆறுகிறது என்ற நினைப்பைக் கொடுத்து இன்னும் ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.

அதனால் அவரிடம் “புற்றுநோய்” என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பாதிப் பேர் ஒளிந்துகொள்கிறார்கள். “அந்தப் பக்கத்துப் பல் உடைஞ்சு குத்துதான்னு பார்த்துட்டு வரலாம்” என்று சொல்லி அழைத்துப் போங்கள். அது பொய்யும் இல்லை. டாக்டர் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் இரண்டு மாதப் புண்ணில், புகையிலைப் பழக்கம் இருக்கும்போது, பல்லைத் தேய்த்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது அனுப்பினால் கிளம்பி வராதீர்கள். “பயாப்ஸி எடுக்க எங்கே போகணும்?” என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதை எடுப்பார்கள். ஓரிரு தையல், சில நாள் வலி. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பரவ விடுவது கத்தி இல்லை, கழிந்துபோகும் மாதங்கள்.

முடிவில் அது வெறும் காயம் என்றே வரலாம். வரட்டும், சந்தோஷம். வேறு மாதிரி வந்தாலும், சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் அறுவை சிகிச்சையோடு முடியும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, பேச்சும் சாப்பாடும் பெரும்பாலும் மிஞ்சும். புகையிலையைப்போலவே பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. “புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதானே” என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆனால் விடச் சொல்லும் சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு வேலை ஒன்றுதான்: அவரை நாற்காலியில் உட்கார வைப்பது.

என் பதில் கிடைத்த மறுநாளே போனதாக நேற்று உங்கள் குறுஞ்செய்தி வந்தது. சதை எடுத்திருக்கிறார்கள், முடிவு வர ஒரு வாரம் என்று எழுதியிருந்தீர்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள், எதுவாக இருந்தாலும்.